வாழ்க்கை மாறும்போது விசுவாசம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை போய்விட்டது, ஊர் மாறியாயிற்று, திருமணம் நடந்தது, பிள்ளை பிறந்தது, பிள்ளைகள் வளர்ந்து வீட்டைவிட்டுப் போய்விட்டார்கள், நோய் வந்தது, நெருங்கியவர் இறந்துபோனார். இப்படி வாழ்க்கையின் வடிவம் மாறும் நாட்களில் கிறிஸ்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். வசனங்களைப் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்திருக்கிறோம். நீங்கள் திருவிவிலியம் வாசிப்பவரானால் சொற்கள் சற்று வேறுபடும். அதிகாரமும் வசன எண்ணும் இங்குள்ள இடங்களில் பெரும்பாலும் அப்படியே பொருந்தும்.

பெரிய மாற்றம் ஒன்று இப்போதுதான் வந்திருக்கிறது. முதல் வாரத்தில் என்ன செய்வது?

தூங்குங்கள், சாப்பிடுங்கள், யாராவது ஒருவரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். இது ஆவிக்குரிய பதிலாகத் தோன்றாமல் போகலாம். ஆனால் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்ட எலியாவுக்குத் தேவதூதன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. தட்டியெழுப்பி, சாப்பிடச் சொன்னான். எலியா சாப்பிட்டு மறுபடி படுத்துக்கொண்டான். தூதன் இரண்டாந்தரமும் எழுப்பி, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று சொல்லிச் சாப்பிட வைத்தான். தேவன் அவனிடம் "இங்கே உனக்கு என்ன காரியம்" என்று கேட்டது அதற்குப் பிறகுதான், 40 நாள் நடந்து ஓரேப் மலைக்கு வந்து சேர்ந்தபின்.

முதல் வாரத்தில் பலர் செய்யும் தவறு, எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சரிசெய்ய முயல்வது. அதிகாலை 4 மணி ஜெபம், 3 நாள் உபவாசம், வேதம் முழுவதையும் 90 நாளில் வாசிக்கும் திட்டம் என்று தொடங்குவார்கள். களைத்த உடம்பு இதைத் தாங்காது. பத்தாம் நாளில் திட்டம் உடையும், அதோடு "ஜெபத்திலும் தோற்றுவிட்டேன்" என்ற புதிய பாரமும் சேர்ந்துகொள்ளும். முதல் 7 நாளுக்கு ஒரு நாளைக்கு ஒரு சங்கீதம் போதும். சத்தமாக வாசியுங்கள். 13, 23, 27, 42, 46, 121, 130 ஆகிய 7 சங்கீதங்களும் இந்த வாரத்துக்கு ஏற்றவை. இவற்றில் ஒன்றுகூட 14 வசனத்தைத் தாண்டாது.

அதற்குப் பிறகு தினமும் எவ்வளவு நேரம் ஒதுக்கவேண்டும்?

15 நிமிடம். அதைக் கூட்டுவதைப் பற்றி 2 மாதம் கழித்து யோசிக்கலாம்.

முதல் 2 நிமிடம் ஒன்றும் செய்யாமல் அமர்ந்திருங்கள், மூச்சு சீராகட்டும். அடுத்த 5 நிமிடத்தில் ஒரு சிறு பகுதியை இரண்டுமுறை வாசியுங்கள். பகுதி 8 முதல் 15 வசனத்துக்குள் இருக்கட்டும், இரண்டாம் முறை மெதுவாக. பிறகு 4 நிமிடம் எழுதுங்கள். கடைசி 4 நிமிடம் எழுதியதையே ஜெபமாகச் சொல்லுங்கள். ஜெபத்தைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. கவலை நிறைந்த நாட்களில் முதலிலேயே ஜெபிக்கத் தொடங்கினால் அந்த ஜெபம் கவலையைச் சுற்றியே சுழலும். வேறொரு குரலைக் கேட்டபின் ஜெபிக்கும்போது பேச்சு மாறும்.

கைப்பேசியில் வேதம் வாசிப்பதில் குற்றமில்லை. ஆனால் அதே திரையில்தான் மின்னஞ்சலும் செய்தியும் வருகின்றன. அச்சு வேதாகமம் கையில் இருந்தால், இந்த 15 நிமிடத்துக்கு அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு வாசியுங்கள்.

எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்குவது?

உங்கள் மாற்றம் எப்படிப்பட்டதோ அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள். இழப்பு என்றால் ரூத். 4 அதிகாரம்தான், 85 வசனம். "என்னை நகோமி என்று சொல்லாமல், மாராள் என்று சொல்லுங்கள்" என்று தன் பெயரையே கசப்பாக்கிக்கொண்ட ஒருத்தியை யாரும் கண்டிக்காமல் கதை முன்னே போவதைக் கவனியுங்கள். அநியாயமாகத் தள்ளப்பட்டதாக உணர்ந்தால் ஆதியாகமம் 37 முதல் 50 வரையுள்ள யோசேப்பின் வரலாறு. புதிய ஊர், புதிய வேலை என்றால் அப்போஸ்தலர் 16 முதல் 20. மனம் சலித்து, எதுவும் பிடிக்காமல் இருந்தால் பிலிப்பியர், 104 வசனம். இயேசுவை மறுபடி முதலிலிருந்து பார்க்கவேண்டும் என்று தோன்றினால் மாற்கு. 16 அதிகாரத்தை நாளுக்கு அரை அதிகாரமாக ஒரு மாதத்தில் முடித்துவிடலாம்.

இதெல்லாம் முடிந்தபின் நீண்ட திட்டம் வேண்டுமென்றால் புதிய ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் சரியாக 52 வாரம் வரும். வாரத்தில் 2 நாள் வெறுமனே விட்டிருப்பதால், தவறிய நாளை ஈடுகட்ட இடமும் இருக்கிறது. வேதம் முழுவதும் 1,189 அதிகாரம். அதை ஓராண்டில் முடிக்க நாளுக்கு மூன்றுக்கு மேல் வாசிக்கவேண்டும். வாழ்க்கை குலுங்கிக்கொண்டிருக்கும் ஆண்டில் அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

குறிப்பேட்டில் என்ன எழுதுவது? எனக்கு எழுத வராது.

நான்கு வரி எழுதினால் போதும், அழகாக இருக்கவேண்டியதில்லை. முதல் வரியில் தேதியும் வாசித்த பகுதியும். இரண்டாம் வரியில் அந்தப் பகுதியில் உங்களை நிறுத்திய ஒரு சொல், அப்படியே. மூன்றாம் வரியில் இன்று மனம் உண்மையாக எப்படி இருக்கிறது என்பது. நான்காம் வரியில் இன்று செய்யப்போகும் ஒரே ஒரு காரியம். அது சிறியதாகவும், மாலையில் "செய்தேன், செய்யவில்லை" என்று சொல்லக்கூடியதாகவும் இருக்கவேண்டும். "பொறுமையாக இருப்பேன்" என்று எழுதினால் மாலையில் அதை அளக்கமுடியாது. "அம்மாவின் அழைப்பு வந்தால் 10 நிமிடமாவது குறுக்கே பேசாமல் கேட்பேன்" என்று எழுதினால் அளக்கலாம்.

மூன்றாம் வரிதான் அடிக்கடி பொய்யாகிவிடும். யாரோ வாசிக்கப்போவதுபோல "கர்த்தருடைய சமாதானம் என்னை நிரப்பியது" என்று எழுதிவிடுவோம். நிரப்பியிருந்தால் எழுதுங்கள். "வெறுமையாக இருக்கிறது", "பக்கத்து மேசைக்காரர் மேல் பொறாமை", "பயம், காரணம் தெரியவில்லை" என்பவையும் தியானக் குறிப்புகள்தான். ஆறு மாதம் கழித்துத் திருப்பிப் பார்க்கும்போது உங்களுக்கு உதவப்போவது இப்படிப்பட்ட வரிகளே. வளர்ச்சி நடக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, பின்னால் திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரியும். பார்ப்பதற்கு உண்மையான பதிவு ஏதாவது இருக்கவேண்டும்.

ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வருவதில்லை. என்ன செய்வது?

சங்கீதம் 13-ஐ அச்சாக வைத்து, உங்கள் ஜெபத்தை அதில் வார்த்தெடுங்கள். 6 வசனம். முதல் இரண்டு வசனத்தில் முறையீடு: "எதுவரைக்கும்" என்ற சொல் நான்குமுறை வருகிறது. அடுத்த இரண்டில் விண்ணப்பம்: நோக்கிப்பாரும், செவிகொடும், என் கண்களைத் தெளிவாக்கும். கடைசி இரண்டில் நம்பிக்கை: "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்." இதே வரிசையில் உங்கள் ஜெபத்தை எழுதுங்கள். "எதுவரைக்கும்" என்று தொடங்கும் நான்கு வாக்கியம். எடுத்துக்காட்டாக, "எதுவரைக்கும் நேர்காணலுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பி வருவேன்?" பிறகு இரண்டு விண்ணப்பம், அவை குறிப்பானவையாக இருக்கட்டும். கடைசியில், இதற்கு முன் தேவன் உங்களுக்குச் செய்த ஒரு நன்மை. அது நினைவுக்கு வராவிட்டால் சங்கீதத்தின் கடைசி வசனத்தையே கடன் வாங்கிச் சொல்லுங்கள்.

சில நாட்களில் அந்தக் கடைசிப் பகுதிக்கு வரவே முடியாது. அப்போது சங்கீதம் 88 இருக்கிறது. மற்ற முறையீட்டுச் சங்கீதங்கள் பெரும்பாலும் நம்பிக்கைக்குத் திரும்பி முடிகின்றன. இது அப்படித் திரும்பாமல் இருளிலேயே முடிகிறது. அதை யாரும் வேதத்திலிருந்து நீக்கவில்லை. உங்கள் இருண்ட ஜெபத்துக்கும் தேவசமுகத்தில் இடமுண்டு என்பதற்கு அது சாட்சி.

ஒரே ஜெபத்தைத் திரும்பச் சொல்வதும் தவறில்லை. கெத்செமனேயில் இயேசு மூன்றாந்தரமும் "அந்த வார்த்தைகளையே" சொல்லி ஜெபம்பண்ணினார் என்று மத்தேயு 26:44 சொல்கிறது. சொல்லே வராதபோது ஆவியானவர் "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" வேண்டுதல் செய்கிறார் என்கிறது ரோமர் 8:26. 15 நிமிடம் மௌனமாக உட்கார்ந்து எழுந்தாலும் அன்றைய ஜெபம் நடந்துவிட்டது.

தேவன்மேல் கோபமாக இருக்கிறேன். இது பாவமா?

யோபு தேவனிடம் நேருக்கு நேர் வழக்காடினான். அவன் நண்பர்கள் தேவனுக்காக வாதாடினார்கள். முடிவில் தேவன் யாரைக் கண்டித்தார் என்று 42:7-இல் பாருங்கள். என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று நண்பர்களிடம் சொன்னார். கோபத்தை அவரிடமே சொல்லுங்கள். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. கோபத்தை அவரிடம் சொல்லாமல் வீட்டிலிருப்பவர்கள்மேல் இறக்கிவிடுவோம், அல்லது பேச்சையே நிறுத்திவிடுவோம்.

எரேமியா 29:11 எனக்கு வாக்குத்தத்தமாகக் கிடைத்தது. ஆனால் ஒன்றும் மாறவில்லையே?

"அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அருமையான வசனம். ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. கடிதம் யாருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு. சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று அவர்களுக்குச் சில தீர்க்கதரிசிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்பவன் 2 வருடத்தில் எல்லாம் சரியாகும் என்கிறான். எரேமியாவின் கடிதமோ 29:10-இல் 70 வருடம் என்கிறது. அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பிப் பார்க்கப்போவதில்லை என்பதே அதன் பொருள்.

அப்படியானால் இடைப்பட்ட காலத்தில் என்ன செய்வது? 29:5 முதல் 7 வரை வாசியுங்கள். வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், விவாகம்பண்ணுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். 11-ஆம் வசனத்தின் வாக்குத்தத்தம் இந்த வேலைகளோடு சேர்ந்தே வருகிறது. உங்கள் 'பாபிலோன்' எதுவோ, அங்கே பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருக்கிறீர்களா? புதிய வேலையில் யாருடைய பெயரையும் தெரிந்துகொள்ளாமல் இருக்கிறீர்களா? தோட்டம் நாட்டுவது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பிலிப்பியர் 4:13-உம் இப்படித்தான். "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதற்கு இரண்டு வசனம் முன்னே, எந்த நிலைமையிலும் "மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்கிறார் பவுல். காவலில் இருந்து எழுதுகிறார். நினைத்ததையெல்லாம் சாதிக்கும் பெலனை அவர் சொல்லவில்லை. குறைவையும் நிறைவையும் தாங்கும் பெலனைச் சொல்கிறார். 'கற்றுக்கொண்டேன்' என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள், அவருக்கும் அது கற்றுத்தான் வந்தது. எந்த வாக்குத்தத்த வசனம் கிடைத்தாலும் முன்னே 10 வசனம், பின்னே 10 வசனம் வாசித்துவிட்டு அதைப் பற்றிக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் வசனம் பலவீனமாகாது, வேர் பிடிக்கும்.

"எல்லாம் நன்மைக்கே" என்று எல்லோரும் சொல்கிறார்கள். கேட்கவே கஷ்டமாக இருக்கிறது.

ரோமர் 8:28 நடந்ததெல்லாம் நல்லது என்று சொல்லவில்லை. தீயவையும் உட்பட எல்லாவற்றையும் கொண்டு தேவன் நன்மைக்கு ஏதுவாகச் செயல்படுகிறார் என்கிறது. அந்த நன்மை எது என்பதை அடுத்த வசனமே விளக்குகிறது: "தமது குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாயிருப்பதற்கு." போன வேலையைவிடப் பெரிய வேலை கிடைக்கும் என்ற உறுதி அதில் இல்லை.

லாசருவைச் சில நிமிடங்களில் எழுப்பப்போகிறவர் அவன் கல்லறைக்குப் போகும்போது கண்ணீர் விட்டார் என்று யோவான் 11:35 சொல்கிறது. ஆகவே உங்களுக்கு ஆறுதல் சொல்ல வருபவரிடம், "இப்போதைக்கு விளக்கம் வேண்டாம், கொஞ்சநேரம் கூட இருந்தால் போதும்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் ஆறுதல் சொல்லப்போகிறவரானால், துக்க வீட்டுக்கு இந்த வசனத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அதைத் துக்கப்படுகிறவரே தன் வேளையில் கண்டுகொள்வார்.

ஒரு முடிவெடுக்கவேண்டியிருக்கிறது. தேவசித்தம் இதுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் முடிவெடுக்க ஏற்ற நாளா என்று பாருங்கள். 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித இஞ்ஞாசியார் இதற்கு ஓர் உறுதியான விதி வைத்தார். உள்ளம் வறண்டு, இருண்டு, தேவன் தூரமாகத் தோன்றும் நாட்களில் முந்திய தீர்மானத்தை மாற்றாதே, தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவிலேயே நில் என்பது அது. சபைப்பிரிவு எதுவானாலும் இது பயன்படும். இரவு 11 மணிக்கு எழுதிய ராஜினாமா கடிதத்தைக் காலையில் வாசித்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நாள் ஏற்றது என்றால், எதைத் தீர்மானிக்கவேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "என் எதிர்காலம்" என்பதற்குப் பதில் கிடைக்காது. "இந்தப் பணிமாற்றத்தை மாத இறுதிக்குள் ஏற்பதா வேண்டாமா" என்பதற்குக் கிடைக்கும். பிறகு வேதம் தெளிவாகத் தடுக்கும் ஏதாவது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பொய், வஞ்சனை, கொடுத்த வாக்கை முறிப்பது இவற்றில் ஏதாவது தேவைப்படும் வழியென்றால் அங்கேயே நின்றுவிடலாம், அடையாளம் கேட்கவேண்டியதில்லை. அடுத்து விவரங்களைச் சேகரியுங்கள். தேதிகள், கடன், வீட்டிலுள்ளவர்களின் தேவை, மறுத்தால் என்ன ஆகும் என்பவை. 'ஜெபிக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டு ஒரு தொலைபேசி அழைப்பைத் தள்ளிப்போடுவது ஜெபமாகாது.

பின் மூன்று பேரிடம் கேளுங்கள். உங்களை நன்றாக அறிந்தவர் ஒருவர், அந்தத் துறையை அறிந்தவர் ஒருவர், இந்த முடிவால் எந்த லாபமும் நஷ்டமும் இல்லாத விசுவாசி ஒருவர். அதன்பிறகு 3 நாள் 'ஆம் என்று தீர்மானித்துவிட்டேன்' என்ற மனதோடு, யாரிடமும் அறிவிக்காமல் வாழ்ந்து பாருங்கள். அடுத்த 3 நாள் 'இல்லை' என்ற மனதோடு. ஒவ்வொரு இரவும் ஒரு வரி எழுதுங்கள்: இன்று அன்பு கூடியதா, குறைந்ததா? இதில் ஒரு கவனம் வேண்டும். பயம் இருப்பதே 'இல்லை' என்பதற்கு அடையாளமாகாது. ஆபிரகாம் "தான் போகும் இடம் இன்னதென்று அறியாமல்" புறப்பட்டுப்போனான் (எபிரெயர் 11:8). அமைதி இருப்பதாலேயே 'ஆம்' என்றும் ஆகிவிடாது. சிலசமயம் அது பொறுப்பிலிருந்து தப்பித்த நிம்மதியாக இருக்கும்.

கிதியோனைப் போல அடையாளம் கேட்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நியாயாதிபதிகள் 6-ஐ முழுதாக வாசித்தால், ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு அவன் அடையாளம் கேட்பதற்கு முன்பே தேவன் அவனுக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார் என்பது தெரியும். அவன் கேட்டது சந்தேகத்தால், தேவன் இரங்கிப் பதில் கொடுத்தார். இரக்கத்தை வழிமுறையாக்கிக்கொள்ள வேண்டாம்.

முடிவு தவறாகிவிட்டால்? பவுல் ஆசியாவில் வசனத்தைச் சொல்லாதபடி தடுக்கப்பட்டார், பித்தினியாவுக்குப் போகப் பிரயத்தனம்பண்ணினார், அங்கும் விடப்படவில்லை. பிறகே மக்கெதோனியா தரிசனம் (அப்போஸ்தலர் 16:6-10). நடந்துகொண்டிருந்தவருக்கே கதவு அடைபட்டது, நடந்துகொண்டிருந்தவருக்கே வழியும் திறந்தது.

எவ்வளவு காலம் காத்திருக்கவேண்டும்?

இதற்கு எண் சொல்ல முடியாது. ஆனால் வேதம் தரும் எண்களைப் பாருங்கள். ஆபிரகாம் ஆரானைவிட்டுப் புறப்பட்டபோது 75 வயது, ஈசாக்கு பிறந்தபோது 100. யோசேப்பின் வரலாறு தொடங்கும்போது அவனுக்கு 17 வயது, பார்வோனுக்குமுன் நின்றபோது 30. அந்த 13 ஆண்டில், பானபாத்திரக்காரன் அவனை மறந்துபோன 2 ஆண்டும் அடக்கம். சிறைச்சாலையிலும் யோசேப்பு பொறுப்பான வேலை ஒன்றைச் செய்துகொண்டிருந்தான் என்பதைக் கவனியுங்கள். காத்திருத்தலுக்கு ஒரு வேலை வேண்டும். அது நாள்தோறும் செய்கிறதாகவும் வேறொருவருக்குப் பயன்படுகிறதாகவும் இருக்கட்டும்.

பழைய வாழ்க்கையையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மறப்பது எப்படி?

எல்லாவற்றையும் மறக்கச் சொல்லவில்லை. ஏசாயா 43:18 "முந்தினவைகளை நினைக்கவேண்டாம்" என்கிறது. அதே புத்தகம் 46:9-இல் முந்தி நடந்தவைகளை நினையுங்கள் என்கிறது. முரண்பாடுபோலத் தோன்றும். நினைக்கும் விதம்தான் வேறு. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் எகிப்தின் மச்சங்களையும் வெள்ளரிக்காய்களையும் வெண்காயங்களையும் நினைத்து அழுதார்கள் (எண்ணாகமம் 11:5), அங்கே பட்ட அடியை நினைக்கவில்லை. அது பாதி நினைவு. சாமுவேல் கல்லை நிறுத்தி, "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்றது (1 சாமுவேல் 7:12) முழு நினைவு.

குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து, போன வாழ்க்கையில் உண்மையிலேயே நன்றாக இருந்ததை ஒருபக்கமும், பாரமாக இருந்ததை மறுபக்கமும் எழுதுங்கள். முதல் பக்கத்துக்காக நன்றி சொல்லி அழலாம். இரண்டாம் பக்கம் வெறுமையாகவே இருந்தால், இன்னும் பாதி நினைவில்தான் இருக்கிறீர்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி எழுதுங்கள்.

தியானம் நின்று இரண்டு மாதமாகிறது. எப்படி மறுபடி தொடங்குவது?

நாளைக் காலை 5 நிமிடத்தில் தொடங்குங்கள். விட்டுப்போன பகுதிகளைப் பிடிக்க முயலவேண்டாம். இன்றைய தேதியைப் போட்டு இன்றைய பகுதியிலிருந்து வாசியுங்கள். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று சொல்லிக்கொள்வது நம் மனதைத்தான் உடைக்கிறது. லண்டனில் 96 பேரிடம் நடந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், புதிய செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள்வரை வேறுபட்டது. ஒருநாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே தவறிய நாளுக்கு மறுநாள்தான் முக்கியம்.

ஏற்கெனவே தினமும் செய்யும் ஏதாவது ஒன்றோடு இதைக் கட்டிவையுங்கள். பல் துலக்கியவுடன், வண்டியில் ஏறி உட்கார்ந்தவுடன், பிள்ளையைப் பள்ளியில் விட்டவுடன். வீடு மாறும்போதும் பணிநேரம் மாறும்போதும் தியானம் நிற்பதற்குக் காரணம் பக்திக்குறைவு என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது கட்டிவைத்திருந்த கொம்பு பிடுங்கப்பட்டதால்தான் நிற்கிறது. புதிய கொம்பைத் தேடுங்கள்.

நான் வளர்கிறேனா என்று எப்படி அறிவது?

உணர்ச்சியை வைத்து அளக்காதீர்கள், கனியை வைத்துப் பாருங்கள். கலாத்தியர் 5:22-23 ஒன்பதைச் சொல்கிறது: அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து, 3 மாதத்துக்கு ஒருமுறை, உங்களோடு வாழும் ஒருவரிடம் கேளுங்கள்: "போன மூன்று மாதத்தில் என் நீடியபொறுமை கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? ஒரு சம்பவம் சொல்." பதில் வரும்போது விளக்கம் சொல்லாமல் கேட்பதே அன்றைய பயிற்சி.

மோசமாகிவிட்டது போலத் தோன்றும் காலமும் உண்டு. மாற்றம் ஒருவரின் பழைய தாங்கல்களை எடுத்துவிடும்போது, அதுவரை மூடியிருந்த எரிச்சலும் பயமும் மேலே வரும். அவை புதிதாக முளைத்தவையல்ல, இப்போதுதான் தெரிகின்றன. யோவான் 15:2-இல் சுத்தம்பண்ணப்படுவது கனிகொடுக்கிற கொடிதான். வெட்டப்பட்டவுடன் கொடி பார்க்க மொட்டையாகத்தான் இருக்கும்.

வீட்டில் மற்றவர்களுக்கு இதில் ஈடுபாடு இல்லை. கட்டாயப்படுத்தலாமா?

வேண்டாம். ஒரே மாற்றத்தை ஒரே வீட்டில் இருப்பவர்கள் வெவ்வேறு வேகத்தில் கடக்கிறார்கள். ஒருவர் பேசித் தீர்ப்பார், ஒருவர் மௌனமாக வேலை செய்து தீர்ப்பார். சாப்பாட்டுக்கு முன் ஒரே ஒரு வாக்கியத்தில் நன்றி சொல்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் பிள்ளைகளுக்குப் பாடம் சேர்க்காதீர்கள்.

புதிய இடத்தில் சபை அமையவில்லை. தனியாகவே இருந்துவிடலாமா?

கொஞ்சகாலம் இருக்கலாம், நீடிக்கக்கூடாது. ஒரு சபைக்கு ஒருமுறை மட்டும் போய்த் தீர்மானிக்காமல் தொடர்ந்து 4 ஞாயிறு போங்கள். முதல் வாரம் பாட்டும் பிரசங்கமும் மட்டுமே தெரியும், நான்காம் வாரம்தான் மனிதர்கள் தெரிவார்கள். ஆராதனை முடிந்து 10 நிமிடம் நின்று, ஒருவர் பெயரையாவது கேட்டுத் திரும்புங்கள். பழைய சபையோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் எந்த இடமும் பொருந்தாது. உபதேசமும், பணவிஷயத்தில் ஒளிவுமறைவின்மையும், பலவீனரை நடத்தும் விதமும் சரியாக இருந்தால் மற்றவற்றில் இறங்கிக்கொடுக்கலாம்.

போதகரிடம் போவதா, மருத்துவரிடம் போவதா?

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் தாழ்ந்தே இருந்தால், தூக்கமும் பசியும் கெட்டால், பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போனால், மருத்துவரைப் பாருங்கள். சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவேண்டாம். அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், அவசர உதவியை நாடுங்கள். மருந்து எடுப்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்கு ஆலோசனை சொன்னார் (1 தீமோத்தேயு 5:23), பவுலோடிருந்த லூக்கா வைத்தியன். ஜெபமும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று எதிரியல்ல. நல்ல போதகர் தானே உங்களை மருத்துவரிடம் அனுப்புவார்.

ஓராண்டு முடிந்தபின் அந்தக் குறிப்பேட்டை என்ன செய்வது?

மாற்றம் தொடங்கிய அதே தேதியில் ஒரு மணிநேரம் ஒதுக்கி, முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் வாசியுங்கள். கையில் இரண்டு நிற எழுதுகோல் இருக்கட்டும். கேட்ட விண்ணப்பத்துக்குப் பதில் வந்த இடத்தை ஒரு நிறத்தில் குறியுங்கள். நீங்கள் கேட்காமலே கிடைத்ததை இன்னொரு நிறத்தில். இரண்டாம் நிறம் அதிகமாக இருப்பதைக் கண்டு பலர் வியந்துபோகிறார்கள். பதிலே வராத விண்ணப்பங்களைக் குறியில்லாமல் அப்படியே விடுங்கள், காரணம் கண்டுபிடித்து ஒட்டவேண்டாம்.

பிறகு யோசுவா 4-இல் யோர்தானின் நடுவிலிருந்து 12 கற்களை எடுத்துவந்ததுபோல, குறிப்பேட்டிலிருந்து 12 வரிகளைத் தேர்ந்தெடுத்துத் தனித்தாளில் எழுதி வேதாகமத்துக்குள் வையுங்கள். மற்றவர்களைப் புண்படுத்தக்கூடிய பக்கங்கள் இருந்தால் அவற்றைக் கிழித்து அழித்துவிடலாம். அவை தேவனிடம் சொல்லியாயிற்று, பிறர் வாசிக்கத் தேவையில்லை. புதிய குறிப்பேட்டை அன்றே தொடங்கி, முதல் பக்கத்தில் தேதியைப் போடுங்கள்.